அந்த இன்னொரு எண்ணையும் சொல்லுங்கள்

பெங்களூரு உயர்மறைமாவட்டப் பேராயர் ஆண்டகை அவர்களுக்கு,

இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை 97 சதவீதம் பலன் தரும், உலக சுகாதார நிறுவனமே அதைச் சோதித்துச் சொல்லிவிட்டது என்று அம்முறையைப் பரப்புவோர் பல நாடுகளில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த எண் பிறந்த ஊர்களில் நம் பெங்களூருவும் ஒன்று. கருப்பைவாயில் ஊறும் திரவத்தின் தன்மையைக் கவனித்து, கருத்தரிக்கக்கூடிய நாட்களில் தம்பதியர் விலகியிருக்கச் சொல்லும் பில்லிங்ஸ் முறையை அந்நிறுவனம் ஆக்லாந்து, டப்ளின், மணிலா, எல் சால்வடாரின் சான் மிகுவேல், பெங்களூரு ஆகிய ஐந்து இடங்களில் ஆராய்ந்தது. முடிவுகள் 1981இல் வெளியாயின. முறையைக் கற்றுக்கொண்ட 725 பெண்கள் 13 மாதவிடாய்ச் சுழற்சிகள் வரை கண்காணிக்கப்பட்டார்கள். நூறு பெண்களுக்கு ஓராண்டு என்ற கணக்கில், விதி மீறாமலே உண்டான கர்ப்பங்கள் 2.8. அதை நூறிலிருந்து கழித்தால் வருவதுதான் 97. அதே அறிக்கையில், அதே கணக்கில், மொத்தக் கர்ப்பங்கள் 22.3. இந்த இரண்டாவது எண் பிரசாரத்தில் காணாமல் போய்விடுகிறது.

ஆணுறையைப் பற்றிப் பேசும்போது அளவுகோலே மாறிவிடுகிறது. பிசகாமல் பயன்படுத்தினால் ஆணுறை தோற்பது ஆண்டுக்கு நூறில் சுமார் 2. மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விதத்தில் சுமார் 13. பிரசாரத்தில் எடுத்துக்காட்டப்படுவது இந்த 13. தன் முறைக்கு உத்தமமான பயனாளி, அடுத்தவர் முறைக்கு மறதிக்கார மனிதர். நீதிமொழிகள் நூல் கண்டிக்கும் இருவகை எடைக்கற்கள் இவையேதான். மாத்திரைக்கும் இதே கதி. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கூட்டுக் கருத்தடை மாத்திரையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருப்பது உண்மை. மார்பக, கருப்பைவாய், கல்லீரல் புற்றுநோய் அபாயம் அதனால் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் சினைப்பை, கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்கள் குறைகின்றன என்றும் அதே முகமை சொல்கிறது. முதல் பிரிவு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுமே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதையல்ல. வெயிலும் கொட்டைப்பாக்கும்கூட அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன.

பெங்களூருவும் இடம்பெற்ற அந்த ஆய்வில் கர்ப்பங்களில் பெரும்பகுதி, அதாவது 22.3இல் 15.4, தெரிந்தே விதியை மீறியதால் வந்தவை, அதற்கு முறை என்ன செய்யும் என்று கேட்கலாம். மேசை இழுப்பறையிலேயே கிடந்த ஆணுறைக்கும் அதே சலுகையைத் தந்தால் கேள்வி நியாயமானது. அதைவிட முக்கியமானது, இந்த முறை பிசகைப் பொறுக்காது என்பது. அதே தரவை 1990இல் மறுபடி அலசியபோது, ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஓராண்டில் தோல்வி 3.1 சதவீதம், பிசகினால் 86.4 சதவீதம் என்று தெரிந்தது. எல்லா வீட்டிலும் விலகியிருக்கும் முடிவு மனைவியின் கையில் இருப்பதில்லை. அப்படிப்பட்ட பெண்ணிடம் 97 என்று மட்டும் சொல்வது அவளை ஏமாற்றுவது. உடல் வெப்பத்தையும் சேர்த்துக் கணிக்கும் முறையில் ஜெர்மனியில் 2007இல் வெளியான ஆய்வு மிக நல்ல முடிவுகளைத் தந்தது. அதை மனமாரச் சொல்லலாம். ஆனால் அது வேறு முறை, அதன் எண்ணை இதற்குப் போர்த்தக் கூடாது.

செயற்கைக் கருத்தடை கூடாது என்ற திருஅவையின் போதனையை மறுக்க இதை எழுதவில்லை. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல், தாம்பத்திய உறவின் பொருள் என்ன என்ற வாதத்தின்மேல் நிற்கிறது. தோல்வி விகிதத்தின்மேல் அல்ல. ஆணுறை நூற்றுக்கு நூறு பலித்தாலும் அந்தப் போதனை மாறப்போவதில்லை. அப்படியிருக்க, பாதி எண்களை அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டிய தேவை என்ன? அந்தப் பாதியை நம்பி எதிர்பாராமல் கருவுறும் பெண், மருத்துவரை மட்டுமல்ல, தன் பங்குத்தந்தையையும் சந்தேகிப்பாள்.

இந்திய ஆயர் பேரவை 1963இல் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரி உங்கள் நகரிலேயே, சர்ஜாபுரா சாலையில் இருக்கிறது. மணத் தயாரிப்பு வகுப்புகளில் தரப்படும் மருத்துவத் தகவல்களை அங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள் ஒருமுறை சரிபார்க்கட்டும். 2.8 இருக்கும் பக்கத்திலேயே 22.3ஐயும் அச்சிடச் சொல்லுங்கள், ஆண்டகையே.