புண் ஆறியதும் நோய் போய்விட்டதா?

“மறைவிடத்தில் ஒரு புண் வந்தது, வலியே இல்லை. சூடுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், இளநீர் குடித்தேன், தானாக ஆறிவிட்டது. உடம்பிலேயே எதிர்ப்பு சக்தி இருக்கும்போது ஊசி எதற்கு?” மேச்சேரி என்றில்லை, தமிழ்நாட்டில் எங்கு போனாலும் இந்தப் பேச்சு உண்டு. கிரந்தி, மேகப்புண் என்று ஊரில் சொல்லும் சிபிலிஸை இப்படி விட்டுவிட்டால் பாதிப்பு ஒருவரோடு நிற்பதில்லை. மனைவிக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகிறது. அதனால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில், சூடு. வெயிலுக்கு வரும் கொப்புளம் வலிக்கும், எரியும். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. உறவு கொண்டு சுமார் மூன்று வாரம் கழித்து வரும். இந்தப் புண்ணிலிருக்கும் சுருள் வடிவக் கிருமியை 1905-இல் ஷௌடினும் ஹோஃப்மனும் பெர்லினில் கண்டுபிடித்துவிட்டார்கள். புண் கண்ணுக்குத் தெரிவதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும்.

அடுத்தது, எதிர்ப்பு சக்தி. புண்ணை ஆற்றுவது அதுதான் என்பது உண்மை. டி-அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் புண்ணில் வந்து குவிகின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, விழுங்கணுக்களைத் தூண்டிவிடுகிறது. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒட்டிய கிருமிகளை விழுங்கணுக்கள் தின்று தீர்க்கின்றன. மூன்று முதல் ஆறு வாரத்தில் தோல் மூடிக்கொள்கிறது. ஆனால் எல்லாக் கிருமியும் சிக்குவதில்லை. எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ள இதன் மேலுறையில் புரதங்கள் மிகக் குறைவு. இருப்பவற்றில் ஒன்றான டிபிஆர்-கே தன் உருவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தப்பிய கிருமிகளால் சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடத் தடிப்பு வருகிறது. அந்தத் தடிப்புக்குள்ளும் எதிர்ப்பணுக்கள் நிறைந்திருக்கின்றன, கிருமியும் இருக்கிறது. இன்னொரு கேடும் உண்டு: எச்.ஐ.வி. தேடுவது அந்த டி-அணுக்களைத்தான். அவை குவிந்த புண் வழியே அது எளிதில் நுழைந்துவிடும்.

உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பேராசிரியரும் நம்பியிருக்கிறார். அன்றைய பாதரச மருந்து உடம்பின் எதிர்ப்பைக் கெடுக்கிறது என்று கருதிய ஓஸ்லோ மருத்துவர் போக், 1891 முதல் 1910 வரை ஏறத்தாழ 2,000 பேருக்கு அதைக் கொடுக்காமலே விட்டார். அவர்கள் கதி என்ன ஆனது என்று ஆராய்ந்த கெஸ்ட்லாண்ட் 1955-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சுமார் கால்வாசிப் பேருக்குத் தடிப்பு திரும்ப வந்திருந்தது. பத்தில் ஒருவருக்கு இதயமும் பெருந்தமனியும் கெட்டிருந்தன. பலர் நோயின் தொல்லை இல்லாமலே வாழ்ந்து முடித்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யார் தப்புவார் என்று புண் ஆறும் நாளில் யாராலும் சொல்ல முடியாது.

“ஒருமுறை வந்தால் மறுபடி வராது” என்பது மூன்றாவது. மேச்சேரி ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அம்மை கண்டு பிழைத்த ஆட்டுக்கு அது மறுபடி வருவதில்லை. சிபிலிஸில் அந்தக் கணக்கு செல்லாது. ஆரம்பத்திலேயே ஊசி போட்டுக் குணமானவருக்கும், நோயுள்ளவரோடு உறவு கொண்டால் மீண்டும் புதிதாகத் தொற்றலாம்.

“ஊசி போட்ட ராத்திரியே காய்ச்சல், ஊசி ஒத்துக்கொள்ளவில்லை” என்கிறார்கள். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது. ஒரு நாளில் அடங்கிவிடும். ஊசி போட்டவுடன் அரிப்பும் மூச்சுத் திணறலும் வந்தால்தான் அது ஒவ்வாமை, அப்போது உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆரம்ப நிலைக்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், ஒரே தவணை. நாள்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று தவணை.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸும் சேர்த்தி. ஆறிய புண்ணை மறந்துவிட்ட கணவரின் நோய் பல வீடுகளில் முதலில் தெரியவருவது அந்தச் சீட்டில்தான். உரிய காலத்தில் பென்சிலின் போட்டால் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். அதே வாரத்தில் கணவரும் பரிசோதனைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிரசவத்துக்கு முன்பே மனைவிக்கு மறுபடி தொற்றலாம்.