பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள்!

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் பெரியவர்கள் சொன்ன வார்த்தை. அப்படி மறுபிறவி எடுத்து வந்தவளை நாம் எப்படி வரவேற்கிறோம்? தாகம் என்றால், "அரை தம்ளருக்கு மேல் கூடாது" என்கிறோம். பசி என்றால் இரண்டு ரொட்டித் துண்டை நீட்டுகிறோம். வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்த தாயாக இருந்தால் கட்டுப்பாடு இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரிப் பத்தியம் ஒன்று, வீட்டுப் பத்தியம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அவள் வயிறு காய்கிறது.

புதுச்சேரியில் பிள்ளைச்சாவடி என்ற பெயர் இரண்டு இடங்களுக்கு உண்டு. ஒன்று வடக்கே, காலாப்பட்டுப் பக்கம், கடலோரத்தில் இருக்கும் மீனவர் ஊர். கடல் அரிப்பில் கரையைப் பறிகொடுத்துக்கொண்டு வாழும் ஊர் அது. மற்றொன்று நகரத்தை ஒட்டிய எல்லைப்பிள்ளைச்சாவடி. ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். பெயர் எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் சரி, பிள்ளை பெற்றவள் நாலு நாள் தங்கி இளைப்பாறும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அங்கே அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதே நம் கேள்வி.

இது யாரோ சிலருடைய பிரச்னை அல்ல. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி இந்தியாவில் 100 பிரசவங்களில் 21-க்கு மேல் சிசேரியன். தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 45. இத்தனை ஆபரேஷன் தேவைதானா என்பது வேறு விவாதம். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவளுக்கு அந்த விவாதத்தால் ஒரு கவளம் சோறு கிடைக்கப் போவதில்லை.

காற்று பிரிந்ததா?

சிசேரியன் வார்டில் முதலில் கேட்கும் கேள்வி, "காற்று பிரிந்ததா?" என்பதுதான். காற்று பிரியும்வரை வாயில் ஒன்றும் படக்கூடாது என்பது பழைய முறை. வயிற்றைத் திறந்தால் குடல் அயர்ந்துவிடும், அது விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அன்றைய டாக்டர்கள் எண்ணினார்கள்.

இன்று வைத்தியம் மாறிவிட்டது. இப்போது பெரும்பாலான சிசேரியன்கள் முதுகுத் தண்டில் ஊசி போட்டுச் செய்யப்படுகின்றன. தாய் விழித்துக்கொண்டே இருக்கிறாள். குடலை யாரும் தொடுவதும் அபூர்வம். ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி விரைவில் தேறுவதற்கான முறைகளை வகுக்கும் ஈராஸ் என்ற சர்வதேச மருத்துவ சங்கம், சிசேரியன் முடிந்த 2 மணி நேரத்துக்குள் வழக்கமான ஆகாரத்தையே தொடங்கலாம் என்று 2019-ல் சொல்லிவிட்டது. சீக்கிரம் சாப்பிட்டால் குடலும் சீக்கிரம் விழிக்கிறது. அதிக ரத்தப்போக்கு, வலிப்பு, முழு மயக்கம் கொடுத்த ஆபரேஷன் என்றால் டாக்டர் வேறு விதமாகச் சொல்லலாம். அப்போது அவர் சொல்தான் சட்டம். ஆனால் டாக்டர் "கொடுக்கலாம்" என்ற பிறகும் மாமியார் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால், அது எந்தச் சட்டம்?

தண்ணீர் என்ன பாவம் செய்தது?

தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். இதற்கு ஆதாரம் இல்லை. குடிக்கும் தண்ணீர் தையலுக்குப் போவதில்லை. குடிக்காவிட்டால்தான் வினை. மலம் இறுகும். அதற்காக முக்கும்போது அறுத்த இடத்தில் உயிர் போகிற வலி எடுக்கும். போதாததற்குக் கீரையும் பழமும் "குளிர்ச்சி" என்று விலக்கப்படுகின்றன. இறுகிய மலத்தை இளக்கும் பொருள்களைத் தள்ளிவிட்டு, பிறகு மலச்சிக்கலுக்கு மாத்திரை கேட்டு நர்ஸிடம் ஓடுகிறோம்.

அந்தக் காலத்துப் பாட்டி பயந்ததில் அர்த்தம் உண்டு. குளத்துத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் எப்படி இருந்தன என்பதை அவள் அறிவாள். பச்சை உடம்புக்காரிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காமல் காய்ச்சிய கஷாயம் கொடுத்தாள். அவள் விலக்கியது அழுக்கை. நாம் விலக்குவது தண்ணீரையே! காய்ச்சி ஆற்றிய வெந்நீரைத் தாகம் தீரக் கொடுப்பதுதான் பாட்டியின் அறிவை மதிப்பதாகும்.

பத்தியம் எல்லாம் பழுதல்ல

பத்தியத்தை ஒரேயடியாகக் கேலி செய்பவர்களோடு நாம் சேர முடியாது. பூண்டு, மிளகு, சீரகம், முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு என்று நம் கடற்கரைத் தாய்மார்கள் வகுத்த பட்டியலை எந்த நிபுணரும் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்கிறார்கள். கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2015-ல் அரசு ஆஸ்பத்திரித் தாய்மார்களுக்கு வழங்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்தில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று.

பால்சுறா தின்றால் பால் பெருகும் என்பார்கள். பால் ஊறுவது முக்கியமாகக் குழந்தை சப்பிக் குடிப்பதால்தான். ஆனால் அந்த மீனில் இருக்கும் புரதம் வீண் போவதில்லை. அறுத்த சதை கூட அது வேண்டும்.

கேடு செய்வது பட்டியலின் மறுபக்கம். பருப்பு தின்றால் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, பழம் தின்றால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்கிற தடைகள்! சீழ் பிடிப்பது கிருமியால். பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும்; கொய்யா, நெல்லி, ஆரஞ்சில் உள்ள வைட்டமின் 'சி'யும் வேண்டும். "உடம்புச் சூட்டுக்கு" என்று சில வீடுகளில் பிராந்தி கொடுப்பதும் உண்டு. அது தாய்ப்பாலில் கலந்து பச்சைக் குழந்தைக்குப் போகும் என்பதைக் கொடுப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

சாதாரணப் பிரசவத்தில் அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். சிசேரியனில் ஒரு லிட்டர் வரைகூடப் போகும். நம் நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் முன்பே ரத்தசோகை. அதற்கு மேல் பாலும் கொடுக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் நாளொன்றுக்கு 600 கலோரியும் சுமார் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 600 கலோரி என்றால் ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு. 17 கிராம் புரதம் என்றால் ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல். கூடுதலாக ஒரு வேளை சாப்பிட வேண்டியவளை, இருக்கும் மூன்று வேளையிலும் பாதி வயிற்றோடு எழுப்பிவிடுகிறோம்!

இது தர்மச் சோறு அல்ல

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மத்திய சர்க்கார் 2011 ஜூன் 1-ந் தேதி தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய்க்கு இலவச ஆகாரம் உண்டு. சாதாரணப் பிரசவத்துக்கு 3 நாள் வரை. சிசேரியனுக்கு 7 நாள் வரை. இதை யாரும் தர்மமாகப் போடவில்லை. அவளுக்குரிய பாத்தியதை இது.

ஆனால், "ஆஸ்பத்திரிச் சோறு பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது" என்று துணைக்கு வந்தவர்கள் அதை வாங்கித் தாங்கள் சாப்பிடுகிறார்கள். தாய்க்கு வீட்டுச் சாப்பாடு வரும் என்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து? மீனவர் ஊர்ப் பெண்ணின் புருஷன் விடியற்காலையில் கடலுக்குப் போக வேண்டும். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த கூலிக்காரன் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவும் எட்டாத விலை. இப்படிப்பட்டவளுக்கு வார்டில் கிடைக்கும் முட்டையும் பாலும்தான் மருந்து. அதைத் தட்டிப் பறிக்கலாமா?

செய்ய வேண்டியது என்ன?

ஆஸ்பத்திரிகள் ஒன்று செய்யலாம். மருந்துச் சீட்டோடு சாப்பாட்டுச் சீட்டும் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எப்போது தண்ணீர், எப்போது இட்லி, எப்போது சோறு, எது கூடாது என்று நாலு வரி போதும். அதைத் தாயிடம் சொல்வதைவிட அவளுடைய அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்வது முக்கியம். அடுப்பு அவர்கள் கையில் இருக்கிறது. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சீட்டு வேறாக இருக்கட்டும்.

வார்டில் கொடுக்கும் ஆகாரமும் நம் நாக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பூண்டு ரசமும் முருங்கைக்கீரைப் பொரியலும் போட்டால் எந்தப் பாட்டி வேண்டாம் என்பாள்? பத்தியமும் வைத்தியமும் ஒரே தட்டில் வந்துவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் தவறாமல் இரும்புச் சத்து மாத்திரை கொடுங்கள். சாப்பிட்ட கையோடு காப்பியும் டீயும் வேண்டாம்; இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போகும். அவள் கேட்கும்போதெல்லாம் வெந்நீர் கொடுங்கள். முக்கியமாக, வார்டுக்குள் நுழைந்ததும் குழந்தை யார் ஜாடை என்று பார்ப்பதற்கு முன்னால், பெற்றவளைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.