ஒரு கோணிப்பையின் உலகம்

உலகமயமாதல் என்றதும் கைப்பேசியும் பன்னாட்டு நிறுவனங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1991இல் இந்தியா தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றிய பின்னரே அது இங்கு வந்தது என்பாரும் உளர். கொல்கத்தாவில் வாழும் நாம் அவ்வாறு கருதுதல் பொருந்தாது. ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் நிற்கும் சணல் ஆலைகளே அதற்குச் சான்று. சணலை வங்காளிகள் 'பாட்' என்பர். நம் வீடுகளில் கோணி என்றும் சாக்கு என்றும் வழங்குவது அந்நாரால் நெய்த பையையே.

1853இல் கிரிமியப் போர் மூண்டது. உருசியாவின் ஆளி நாரை நம்பியிருந்த ஸ்காட்லாந்தின் டண்டி நகர ஆலைகள் வங்காளச் சணலை மிகுதியாக நாடின. முரட்டு நாரை மென்மையாக்க அங்குத் திமிங்கில எண்ணெய் பயன்பட்டது. வங்காள உழவரின் வயலும் வடகடல் திமிங்கிலமும் ஒரு கோணிப்பைக்குள் சந்தித்தன என்றால் வியப்பன்றோ! 1855இல் கொல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் சணல் ஆலை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹூக்ளிக் கரை டண்டியையே விஞ்சியது. உலகின் கோதுமையும் காப்பிக் கொட்டையும் இங்கு நெய்த பைகளில் பயணம் செய்தன. எனினும் ஆலைகளுள் பெரும்பாலானவை பிரித்தானிய நிறுவனங்களின் கையில் இருந்தன. உழைத்தவரோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் வந்தவர். நம் குடும்பங்களைப் போலப் பிழைப்பு நாடி ஊர் விட்டவர்.

அவர்களோடு அவர்தம் மொழிகளும் உணவும் விழாக்களும் வந்தன. லேக் மார்க்கெட்டில் இன்று வாழையிலையும் காப்பித்தூளும் எளிதில் கிடைக்கின்றன. கொல்கத்தாவின் துர்கா பூஜை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பண்பாடு பிறரோடு கலந்தால் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் இந்நகரைச் சற்று நடந்து காணலாம்.

அரசியலின் கை இதில் சிறிதன்று. 1947இல் நாடு பிரிந்தபோது ஆலைகள் இந்தியாவிலும் சணல் வயல்களுள் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் அமைந்தன. பின்னர் மலிவான நெகிழிப் பை வந்தது. ஆலைகள் பல நலிந்தன. உணவுத் தானியத்தையும் சர்க்கரையின் ஒரு பகுதியையும் சணற்பையிலேயே கட்ட வேண்டும் என 1987இல் இயற்றப்பட்ட சட்டமே எஞ்சியவற்றைத் தாங்கி நிற்கிறது. சணற்பை விலை மிகுந்தது என்று கூறி இச்சட்டத்தைக் குறை கூறுவோர் உண்டு. மண்ணில் மட்கும் பையையும் உழவர், தொழிலாளர் பலரின் வாழ்வையும் காக்கும் சட்டத்திற்கு அவ்விலை தகும் என்பதே என் கருத்து.

ஆனால் 2017இல் வங்காளதேசச் சணற்பொருள்கள்மீது இந்தியா விதித்த கூடுதல் வரியை என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க இயலவில்லை. அங்குள்ள அரசு தன் ஏற்றுமதிக்கு உதவித்தொகை அளிப்பதால் நம் ஆலைகள் போட்டியிட முடியவில்லை என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் எல்லைக்கு அப்பால் தறியருகே நிற்பவரும் அதே நாரை நெய்பவரே. அவரது கூலியும் நம் ஆலைத் தொழிலாளியின் கூலியைப் போலவே சிறிது.