தற்காலிகமாக வந்தார்; நாற்பது ஆண்டு நின்றார்

பெண் பி.எஸ்சி. ரசாயனம் படித்து முடிக்கிறாள். ஏதோ ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைக்கிறது. சம்பளம் சொற்பம். "கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் தகப்பனார். கொஞ்ச நாள் கழித்து அவர் பார்ப்பது மாப்பிள்ளையை. இல்லையென்றால், ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தரும் வேறு வேலையை.

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் இது புதிய சங்கதி அல்ல. இதற்காக அந்தத் தகப்பனாரைத் திட்டிப் பயன் இல்லை. வாடகை கட்ட வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அடுத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் காத்திருக்கிறது.

ஆனால் நிறுத்துகிறவர்கள், நிறுத்துவதால் என்ன போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு நிறுத்த வேண்டும். அதற்கு ஓர் அமெரிக்கப் பெண் விஞ்ஞானியின் வாழ்க்கை நல்ல கணக்குப் புத்தகம். அவர் பெயர் ஸ்டெபனி குவோலக்.

பிழைக்க வந்த குடும்பம்

குவோலக் அம்மையார் 1923 ஜூலை 31 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ கென்சிங்டன் என்ற ஊரில் பிறந்தார். போலந்து நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த குடும்பம். தகப்பனார் வார்ப்பட ஆலைத் தொழிலாளி. ஓய்வு நேரத்தில் மகளைக் காட்டுப் பக்கம் கூட்டிப் போவார். இலை, விதை, பூ என்று சேகரித்து இருவரும் நோட்டில் ஒட்டி வைப்பார்கள். தாயாரிடமிருந்து மகளுக்குத் தையலிலும் துணியிலும் ஆசை வந்தது.

ஸ்டெபனிக்குப் பத்து வயதாகும்போது தகப்பனார் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எப்படிக் காலம் தள்ளியிருக்கும் என்பதைப் பிழைக்க வந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டாக்டர் ஆக வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கனவு. மருத்துவக் கல்லூரிக்குப் பணம் இல்லை. 1946-ல் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெண்கள் கல்லூரியில் ரசாயனப் பட்டம் பெற்றார். சில காலம் வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு, பிறகு மருத்துவம் படிக்கலாம் என்பது திட்டம்.

வேலை கேட்டு டுபான்ட் கம்பெனிக்குப் போனார். பேட்டி கண்டவர் ஹேல் சார்ச் என்ற ஆராய்ச்சி அதிகாரி. இரண்டு வாரத்தில் முடிவு சொல்வதாகக் கூறினார். "வேறு ஓர் இடத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள், கொஞ்சம் சீக்கிரம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார் அந்தப் பெண். சார்ச் அப்போதே உதவியாளரைக் கூப்பிட்டு வேலை உத்தரவை எழுதச் சொல்லிவிட்டார்.

இப்படித் தற்காலிகமாக நினைத்துச் சேர்ந்த வேலையில்தான் அவர் 1986-ல் ஓய்வு பெறும் வரை நாற்பது ஆண்டு இருந்தார். வேலை பிடித்துப்போனதால் டாக்டர் கனவைத் தாமே விட்டுவிட்டார். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் படிக்கவில்லை. கல்லூரிப் பட்டத்தோடு வந்தவர், மற்றதை மேஜையருகே நின்றே கற்றுக்கொண்டார்.

என்ன ஆராய்ச்சி?

நைலானை எல்லோருக்கும் தெரியும். கயிறு, மீன் வலை, கொசு வலை எல்லாம் அதில் உண்டு. அதே டுபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் என்பவர் தலைமையில் 1935-ல் உருவானது அது. சின்னச் சின்ன மூலக்கூறுகளை, ரயில் பெட்டிகளை இணைப்பது போல ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்குவதுதான் இந்தத் தொழில். இப்படிச் சங்கிலியான பொருளுக்கு பாலிமர் என்று பெயர்.

நைலானை உருக்கி இழையாக்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூடு தாங்காத பொருள்களும் உண்டு. அவற்றைச் சாதாரண அறை வெப்பத்திலேயே கோக்க முடியுமா என்பதில் குவோலக் பல ஆண்டுகள் உழைத்தார்.

அந்த உழைப்பில் ஒரு வேடிக்கையும் பிறந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் ஒரு திரவம். அதன் மேல், கலந்துவிடாமல் இன்னொரு திரவம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய ஏடு படியும். பாலாடையை எடுப்பது போல அந்த ஏட்டை இடுக்கியால் பிடித்து மேலே இழுத்தால், நைலான் கயிறாக நீண்டுகொண்டே வரும். குவோலக்கும் பால் மார்கன் என்ற விஞ்ஞானியும் 1959-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். இன்றும் பள்ளி, கல்லூரிகளில் மாணவர்கள் கண்களை அகல விரித்துப் பார்க்கும் சோதனை இது.

மோர் போன்ற கரைசல்

1964 வாக்கில் பெட்ரோல் தட்டுப்பாடு வரலாம் என்ற பேச்சு எழுந்தது. கார் டயருக்கு எடை குறைந்த, ஆனால் பலமான இழை கிடைத்தால் பெட்ரோல் மிச்சமாகும். குவோலக் வேலை செய்த குழு அதைத் தேடத் தொடங்கியது.

வழக்கமான பாலிமர் கரைசல் தேன் போலக் கெட்டியாக, தெளிவாக இருக்கும். 1965-ல் குவோலக் தயாரித்த கரைசலோ தண்ணீராக ஓடியது. மோர் போலக் கலங்கியும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் "கெட்டுப்போச்சு" என்று கொட்டியிருப்பார்கள். அவர் வடிகட்டிப் பார்த்தார். தூசு தும்பு எதுவும் இல்லை, கலங்கலும் போகவில்லை.

கரைசலை இழையாக நூற்பதற்கு இடியாப்ப அச்சு போன்ற ஒரு தட்டு உண்டு. அதன் துளைகள் மிக மிகச் சிறியவை. அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் மறுத்துவிட்டார். இதைப் போட்டால் துளை அடைத்துக்கொள்ளும் என்பது அவர் பயம். குவோலக் விடவில்லை. சில நாள் கழித்து அவர் இறங்கி வந்தார். இழை தங்கு தடையில்லாமல் வந்தது.

பலத்தைச் சோதிக்க அனுப்பினார்கள். முடிவைப் பார்த்த குவோலக்குக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி மறுபடி சோதிக்கச் சொன்னார். எண்கள் மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் மேலதிகாரிகளிடம் சொன்னார்.

காரணம் இதுதான். நைலானின் சங்கிலிகள் வெந்த சேமியா போல வளைந்து பின்னிக் கிடக்கும். குவோலக் செய்த பொருளின் சங்கிலிகள் வளையாதவை. கரைசலிலேயே தீப்பெட்டிக் குச்சிகள் போல வரிசையாக அணிவகுத்து நின்றன. துளை வழியே வரும்போது எல்லாம் ஒரே திசையில் நீண்டு நெருங்கிக்கொண்டன. வரிசைக்குத்தான் அந்த பலம்.

பிறகு ஹெர்பர்ட் பிளேட்ஸ் முதலிய பல விஞ்ஞானிகள் உழைத்து, மலிவான மூலப்பொருளும் நூற்கும் முறையும் கண்டார்கள். 1971-ல் கெவ்லார் என்ற பெயரில் இழை வெளிவந்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைப்போல ஐந்து மடங்கு பலம்.

டயருக்காகத் தேடியது எங்கெங்கோ போயிற்று. கப்பல் கயிறு, தொழிலாளியின் கையுறை, வண்டியின் பிரேக் கட்டை, தொலைபேசிக்கான கண்ணாடி இழைக் கேபிள் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் பெரிய உபயோகம் குண்டு துளைக்காத அங்கி. அப்படிச் சொன்னதும் மும்பைக்காரர்களுக்கு 2008 நவம்பர் நினைவுக்கு வரும். அந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான் போலீசாரின் அங்கி எந்தத் தரம் என்று நாடு முழுவதும் கேட்டார்கள். இழை அங்கி கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். ரைபிள் குண்டுக்கு உள்ளே கெட்டித் தகடும் வேண்டும். எப்படியானாலும், உலகில் எத்தனையோ போலீசார் மாலையில் உயிரோடு வீடு திரும்பியதற்கு அந்த மோர் நிறக் கரைசல் ஒரு காரணம்.

பத்தொன்பது ஆண்டு

இப்போது கணக்கைப் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்தது 1946. கண்டுபிடிப்பு 1965. இடையில் 19 ஆண்டு.

"அவர் மேதை, லட்சத்தில் ஒருத்தி. நம் பெண்ணும் அவரும் ஒன்றா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1946-ல் அவரை மேதை என்று யார் சொன்னார்கள்? மருத்துவம் படிக்கப் பணமில்லாமல் வந்த ஒரு பட்டதாரிப் பெண், அவ்வளவுதான். கலங்கிய கரைசலைக் கொட்டாமல் வைத்துப் பார்க்கும் கண், 19 ஆண்டு தெளிந்த கரைசல்களைப் பார்த்ததால் வந்தது. இரண்டாம் ஆண்டிலேயே வேலையை விட்டிருந்தால், "கல்யாணத்துக்கு முன்பு கொஞ்ச நாள் ஒரு கம்பெனியில் இருந்தேன்" என்று சொல்லும் பெண்களில் அவரும் ஒருவராகியிருப்பார்.

வீடு மட்டும் காரணம் அல்ல, அலுவலகமும் உண்டு. குவோலக்குக்கு மேஜை கொடுத்தார்கள். கருவி கொடுத்தார்கள். "இந்த மாதம் என்ன லாபம்?" என்று தினமும் கேட்காமல் விட்டார்கள். இங்கேயோ பதினொரு மாத ஒப்பந்தம். பிறகு வீட்டுக்கு அனுப்பி, மறுபடி கூப்பிட்டு, மறுபடி பதினொரு மாதம். தற்காலிக ஊழியரை ஆயுள் முழுதும் தற்காலிகமாகவே வைத்திருந்தால் அங்கே ஆராய்ச்சி வளராது. வருகைப் பதிவேடுதான் வளரும்.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. கெவ்லாருக்கான உரிமைகளை குவோலக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். விற்பனைப் பணத்தில் அவருக்குப் பங்கு இல்லை. பதக்கங்கள் வந்தன. 1995-ல் டுபான்ட் கம்பெனி தன் லவாய்சியே பதக்கத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, அவருக்குக் கொடுத்தது. 1996-ல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வந்தது. பதக்கம் கௌரவம்தான். ஆனால் கண்டுபிடித்தவருக்கு லாபத்தில் ஒரு சிறு பங்காவது தருவதே நியாயம். உழைப்பவர்கள் இதை எந்த நாட்டிலும் கேட்கலாம்.

என்ன செய்யலாம்?

ஓய்வுக்குப் பிறகு குவோலக் அம்மையார் மாணவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ரசாயனம் சொல்லிக் கொடுத்தார். 2014 ஜூன் 18 அன்று தமது 90-வது வயதில் மறைந்தார்.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகளை மேடையேற்றிச் சால்வை போடுகின்றன. நல்ல காரியம். ஆனால் பெண்ணுக்கு உதவி உண்மையில் தேவைப்படுவது பி.எஸ்சி. முடித்த பிறகு வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில். ரயில் பாஸ், புத்தகம், நுழைவுத் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்குச் சங்கம் பொறுப்பேற்கலாம். ஒரு பொன்னாடை விழாச் செலவில் சில பெண்களின் ஓராண்டுச் செலவு அடங்கும்.

மாட்டுங்காவில் 1933-ல் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தமிழர்கள் கோயிலுக்கும் கடைக்கும் போகிற மாட்டுங்காதான். பாலிமர் படிப்புக்குத் தனித் துறையே அங்கே உண்டு. அந்த வாசலைக் கடந்து போகிற எத்தனை பேர், உள்ளே தன் மகளுக்கும் இடம் உண்டு என்று நினைக்கிறார்கள்?

எல்லாப் பெண்களும் கெவ்லார் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் யார் கண்டுபிடிக்கப் போகிறாள் என்பது முதல் மாதச் சம்பளத்தில் தெரியாது. சம்பளம் குறைவு என்று கணக்குப் போடுகிற பெற்றோர், மகளுக்கு இன்னும் மூன்று ஆண்டாவது அவகாசம் கொடுக்கட்டும். அந்த மூன்று ஆண்டும் தாக்குப்பிடிக்கும்படி சங்கங்கள் கை கொடுக்கட்டும்.