விருந்தினருக்கு யாருடைய ஆட்டுக்குட்டி?

கோடை விடுமுறை நெருங்கினாலே நமது பங்குகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். பீடச்சிறார், இளைஞர் இயக்கம், மறைக்கல்வி ஆசிரியர்கள், அன்பியங்கள் என ஒவ்வொரு குழுவும் வண்டி பேசிக் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ செல்வது வழக்கம். ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் சில நாள் ஓய்வெடுப்பது தவறன்று. பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களைத் தனிமையான ஓரிடத்திற்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தவர் நம் ஆண்டவரே (மாற் 6:31). ஆனால், நாம் இளைப்பாறச் செல்லும் இடம் வேறு ஒருவருடைய ஊர். நம் வருகையால் அந்த ஊராருக்கு என்ன நேர்கிறது என்று நாம் கேட்பது அரிது. அந்தக் கேள்வியை இப்போது நீதிமன்றம் கேட்டிருக்கிறது.

எண்ணிக்கைக்கு ஓர் எல்லை

கோடைக் காலத்தில் நீலகிரிக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் வருவதாக 2024ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதைக் கேட்ட நீதிமன்றம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என ஆணையிட்டது. 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்கு எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும், அரசுப் பேருந்துகளுக்கும், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை. இம்மலைகள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்பதை ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது.

இதை எல்லாரும் வரவேற்கவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர். தேநீர்க் கடை வைத்திருப்பவருக்கும், வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், சாக்லேட்டும் தைலமும் விற்பவருக்கும் கோடையின் இரண்டு மாத வருமானமே ஆண்டின் பெரும்பகுதிச் செலவுக்கு ஆதாரம். அவர்களுடைய அச்சத்தைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், மணிக்கணக்கில் நகராத வாகன வரிசையில் நோயாளியோடு சிக்கிக்கொள்ளும் மலைக் கிராமத்துக் குடும்பத்தின் துன்பத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் பேசுவது எண்ணிக்கையைப் பற்றியே. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை எண்ணினால் போதாது. வருகிறவர்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை விட்டுச் செல்கிறார்கள், அவர்கள் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பவற்றையும் கேட்க வேண்டும். 4,000 வாகனங்களில் வருவோர் அனைவரும் வெளியூர் முதலாளியின் விடுதியில் தங்கி, கீழிருந்து வந்த உணவையே உண்டு திரும்பினால், வரம்பு காக்கப்பட்டாலும் கிராமத்திற்குக் கிடைப்பது குப்பை மட்டுமே.

மலையின் தண்ணீர்

பழனி மலையின் உயரமான பகுதிகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவை மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. அந்த ஓடைகளே வைகைக்கும் அமராவதியின் துணையாறுகளுக்கும் நீர் தருகின்றன. சமவெளியில் வாழும் நமது வயலுக்கும் குடத்திற்கும் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கே பிறக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னரும் சீகை, யூகலிப்டஸ், பைன் போன்ற அயல்நாட்டு மரங்கள் பெருமளவில் நடப்பட்டதால் புல்வெளிகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன. எஞ்சிய நிலத்தின்மேல் இப்போது கட்டடங்கள் ஏறுகின்றன.

மழைக்காலம் முடிந்து ஊற்றுகள் இளைத்திருக்கும் மாதங்களில்தான் கூட்டம் பெருகுகிறது என்பது இதில் உள்ள பெரும் முரண்பாடு. விடுதியில் தண்ணீர் தீர்ந்தால் லாரியில் வாங்கிக்கொள்வார்கள். பக்கத்துக் குக்கிராமத்துப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவர் குடத்தோடு இன்னும் சற்றுத் தொலைவு நடக்கிறார். விடுதியில் தங்கியவருக்கு இது தெரியாது. குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது, அவ்வளவே.

நாத்தான் சொன்ன கதை

தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் சொன்ன கதையை நாம் அறிவோம் (2 சாமு 12:1-4). செல்வன் ஒருவனுக்கு ஏராளமான ஆடுமாடுகள் இருந்தன. ஏழை ஒருவனுக்கோ ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. செல்வனின் வீட்டிற்கு வழிப்போக்கர் ஒருவர் விருந்தினராக வந்தார். செல்வன் தன் மந்தையில் கைவைக்க மனமின்றி, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து சமைத்தான்.

இக்கதையைக் கேட்கும்போது நம் கோபம் அந்தச் செல்வன்மீது திரும்புகிறது. அது சரியே. ஆனால் விருந்துண்ட வழிப்போக்கரைப் பற்றி நாம் நினைப்பதில்லை. அவர் எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. தம்முன் வைக்கப்பட்டதை உண்டார். அது யாருடைய ஆட்டுக்குட்டி என்று மட்டும் அவர் கேட்கவில்லை. இன்றைய சுற்றுலாவில் நாம் அந்த வழிப்போக்கரின் இடத்தில் இருக்கிறோம்.

ஏழைகளின் கூக்குரலையும் பூமியின் கூக்குரலையும் பிரித்துக் கேட்க இயலாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் கற்பித்தார். ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டைச் சூழல் சுற்றுலா ஆண்டாகக் கடைப்பிடித்தபோது, உலகச் சுற்றுலா நாளுக்கான தம் செய்தியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் இதே பொருளை எடுத்துக்கொண்டார். எனவே, இது சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று நாம் விலகி நிற்க முடியாது.

வேறு வழியும் உண்டு

சுற்றுலாவே வேண்டாம் என்பது தீர்வாகாது. முறையாக நடந்தால் அது கிராமத்திற்கு வாழ்வு தரும். கொடைக்கானலிலிருந்து உள்ளே தள்ளியுள்ள மன்னவனூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்தில் ஏரியில் பரிசல் விடுகிறார்கள். பெரிய கட்டடங்கள் இல்லாமலே மக்கள் வந்து மகிழ்ந்து செல்கிறார்கள். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைப் பார்த்துப் படமெடுப்போர், அங்கு விளையும் மலைப்பூண்டை விவசாயியிடமே வாங்கினால் அப்பணம் அந்த மண்ணிலேயே தங்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

மலையேற்றத்தில் நாம் கற்ற பாடம் மிகக் கசப்பானது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றோரில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு விரைவாகப் பரவும், காற்று எப்பக்கம் திரும்பும் என்பதை அந்த மலையில் வாழ்பவரே அறிவார். அதன் பின்னர் மலையேற்றத்திற்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவு முறையில் திறந்து, காட்டை அடுத்து வாழும் கிராமங்களின் இளைஞர்களைப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. நகரத்தார் கற்றுக்கொள்பவராகவும் மலைவாசி ஆசிரியராகவும் நடக்கும் பயணம் இது. அவருக்குக் கூலியோடு மதிப்பும் கிடைக்கிறது.

இருப்பினும், 'சூழல் சுற்றுலா' என்று பெயர்ப்பலகை வைத்த எல்லாமே அப்படிப்பட்டவை அல்ல. மரத்தை வெட்டிக் கட்டிய விடுதிக்கும் அதே பெயர் சூட்டுகிறார்கள். ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இங்கு வேலை செய்வோரும் ஊதியம் பெறுவோரும் இந்த ஊராரா? இங்கு பயன்படுத்தும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குப்பையும் கழிவுநீரும் எங்கே போகின்றன? தயங்காமல் பதில் சொல்பவரிடம் நம்பித் தங்கலாம்.

நமது பங்குகள் செய்யக்கூடியவை

முதலாவதாக, பல கார்களில் பிரிந்து செல்வதைத் தவிர்த்து, ஒரே பேருந்தில் அல்லது அரசுப் பேருந்தில் செல்வோம். மே மாத வார இறுதியைவிட்டு வேறு நாள்களைத் தேர்ந்தெடுத்தால் நமக்கும் நெரிசல் இல்லை, ஊருக்கும் இல்லை.

இரண்டாவதாக, ஒருவருக்கு ஓர் எவர்சில்வர் தண்ணீர்ப் பாத்திரம் போதும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இம்மலைகளில் தடை உள்ளது. கொடைக்கானல் நகருக்குள்ளேயே காட்டுமாடுகள் திரிகின்றன. நாம் வீசும் பிளாஸ்டிக் உறை அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. மேலே கொண்டுசென்றதைக் கீழே கொண்டுவருவது கடினமான துறவு அன்று.

மூன்றாவதாக, மலைப் பங்கின் மக்களோடு ஒரு ஞாயிறு திருப்பலியில் கலந்துகொள்வோம். அங்குள்ள பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே எழுதி, அன்பியத்துப் பெண்கள் குழு சமைக்க முன்வந்தால் நியாயமான விலை கொடுத்து அவர்களிடம் உண்போம். கோடையில் அவர்களுடைய கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்போம். கோவில் வாசலில் நின்று படம் எடுத்துத் திரும்புவதைவிட அது நல்ல உறவு.

நான்காவதாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மலைகளில் நமது மறைமாவட்டங்களுக்கும் துறவற சபைகளுக்கும் தியான இல்லங்களும் ஓய்வு இல்லங்களும் உள்ளன. மேலே சொன்ன மூன்று கேள்விகள் அவற்றுக்கும் பொருந்தும். மழைநீர்த் தொட்டியும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பும், உள்ளூர்ப் பணியாளருக்கு உரிய ஊதியமும் அங்கு இருந்தால்தான் பிறரைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.

விருந்தினருக்கு உரிய முறை

இயேசு தம் சீடர்களை ஊர்களுக்கு அனுப்பியபோது, வரவேற்கும் வீட்டிலேயே தங்கி, அவர்கள் தருவதை உண்ணும்படி பணித்தார் (லூக் 10:7-8). கிறிஸ்தவப் பயணியின் இலக்கணம் இதுவே. அவர் வீட்டாரிடம் ஆணையிடுவதில்லை; வீட்டின் முறைக்குத் தம்மை உட்படுத்துகிறார். நிலம் ஆண்டவருடையது, நாம் அனைவரும் அவரிடம் வந்து தங்கியிருப்போர் மட்டுமே என்று லேவியர் நூலும் நினைவூட்டுகிறது (லேவி 25:23). கட்டணம் செலுத்திவிட்டதால் மலை நமக்குச் சொந்தமாகிவிடாது.

நீதிமன்றம் வாகனங்களை எண்ணலாம். அரசு பாதைகளைத் திறக்கலாம், மூடலாம். யாருடைய ஆட்டுக்குட்டி என்று கேட்கும் மனச்சான்றை அவை நமக்குத் தர இயலாது. இந்த ஆண்டு நமது பங்குப் பேரவை சுற்றுலாவைப் பற்றிப் பேச அமரும்போது, எங்கே போவது, ஆளுக்கு எவ்வளவு என்பவற்றோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்.