நான்காம் ஆண்டு யாருக்கு?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில், கல்விக் கடன் பற்றி அறிய வங்கிக் கிளைகளுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே கேட்கின்றனர். எவ்வளவு கடன் கிடைக்கும்? வட்டி என்ன? எப்போது திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும்? இம்மூன்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை சேரவிருக்கும் படிப்பு எத்தனை ஆண்டு, அந்த ஆண்டுகளின் முடிவில் கிடைக்கும் சான்று எந்தெந்த வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லுபடியாகும் என்பதே அது.

முன்பு இக்கேள்விக்கு இவ்வளவு அவசியம் இருந்ததில்லை. கலை, அறிவியல், வணிகவியல் எதுவாயினும் பட்டம் என்றால் மூன்று ஆண்டு. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு இந்நிலையை மாற்றியது. இதன்படி முதலாண்டுடன் விலகுவோருக்குச் சான்றிதழ், இரண்டாம் ஆண்டுடன் விலகுவோருக்கு டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தோருக்குப் பட்டம், நான்காண்டு முடித்தோருக்கு ஆனர்ஸ் பட்டம் வழங்கலாம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகளும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்டுகளும் வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டு முதல் நான்காண்டு முறையைப் பின்பற்றுகிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. ஆகவே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கோ வெளிமாநிலங்களுக்கோ பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஆனர்ஸ் என்ற சொல்லைப் பார்ப்போம். அது எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. தில்லியிலும் கொல்கத்தாவிலும் நெடுங்காலமாக மூன்றாண்டிலேயே ஆனர்ஸ் பட்டம் வழங்கப்பட்டது. ஒரு பாடத்தை ஆழமாகப் படித்தோர் ஆனர்ஸ், பல பாடங்களைப் பொதுவாகப் படித்தோர் பாஸ் அல்லது பொதுப்பட்டம் என்பதே அங்கு இருந்த பிரிவு. புதிய கட்டமைப்பிலோ அச்சொல் நான்காம் ஆண்டைக் குறிக்கிறது. எனவே பெயரின் கவர்ச்சியைக் கண்டு முடிவெடுக்காமல், விவரக் கையேட்டில் ஆண்டையும் கிரெடிட்டையும் பார்ப்பதே முறை.

அடுத்து, இந்த நான்காம் ஆண்டு யாருக்குப் பயன்படும்? ஆய்வுத் துறையில் ஈடுபட விரும்புவோருக்கு அது உறுதியாகப் பயன்படும். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றோர், முதுநிலைப் பட்டம் இன்றியே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகின்றனர். முதுநிலை படிக்க எண்ணுவோருக்கும் இழப்பில்லை. நான்காண்டு முடித்தோர் ஓராண்டில் முதுநிலையை நிறைவு செய்ய மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன. மூன்றும் இரண்டும் ஐந்து, நான்கும் ஒன்றும் ஐந்து. ஆயினும் ஓராண்டு முதுநிலை வகுப்பு விரும்பும் பல்கலைக்கழகத்தில் நடைபெறுகிறதா என்று முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பட்டம் பெற்றதும் வேலைக்குச் செல்ல வேண்டிய பிள்ளையின் நிலை வேறு. வங்கி எழுத்தர், அதிகாரி தேர்வுகளும் குடிமைப் பணித் தேர்வும் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தை மட்டுமே. ஆனர்ஸ் பட்டம் பெற்றவர், சாதாரணப் பட்டம் பெற்றவர் என்ற பாகுபாடு அங்கில்லை. அத்தகைய பிள்ளைக்கு நான்காம் ஆண்டு எவ்வளவு செலவு வைக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகவும், ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்றும் எடுத்துக்கொள்வோம். படிப்புக் காலத்துடன் மேலும் ஓராண்டு வரை தவணை தொடங்காது. ஆனால் அக்காலத்திலும் தனிவட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாண்டுப் படிப்பில், தவணை தொடங்கும் நாளில் அசல் 3 லட்சம், வட்டி 90,000, ஆக 3,90,000 ரூபாய். நான்காண்டுப் படிப்பில் அசல் 4 லட்சம், வட்டி 1,40,000, ஆக 5,40,000 ரூபாய். கட்டணம் கூடியது 1 லட்சம். கடன் சுமை கூடியதோ 1,50,000 ரூபாய். ஓராண்டு ஊதியத்தை இழப்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தொகைக்கு ஈடாக ஆய்வோ முதுநிலையோ காத்திருந்தால் அது முதலீடு. இல்லையேல், பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கான செலவு மட்டுமே.

இரண்டாம் ஆண்டு டிப்ளமோவைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. டிப்ளமோ என்றதும் நம் மக்கள் நினைப்பது பாலிடெக்னிக் பட்டயத்தை. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பயிலும் அப்படிப்பு, ரயில்வே உள்ளிட்ட துறைகளில் இளநிலைப் பொறியாளர் பணிக்குத் தகுதி தருகிறது. பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி செய்கிறது. கலை அறிவியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுடன் விலகுவோர் பெறும் டிப்ளமோ பெயரில் மட்டுமே அதை ஒத்தது. பட்டம் கோரும் எந்தத் தேர்வுக்கும் அது போதாது.

இவ்வேற்பாட்டின் நோக்கம் நல்லதே. நோயாலோ வறுமையாலோ படிப்பைக் கைவிட நேர்ந்த மாணவர் முன்பெல்லாம் வெறுங்கையுடன் வீடு திரும்பினர். இன்று 80 கிரெடிட்டுகளுடன் 4 கிரெடிட் தொழிற்பயிற்சியும் முடித்தவருக்கு ஒரு சான்று கிடைக்கிறது. மூன்றாண்டுக்குள் மீண்டும் சேர்ந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டத்தை முடிக்கலாம். ஆனால், பணமுடை வரும்போதும், மகளுக்கு வரன் அமையும்போதும், “அதுதான் டிப்ளமோ கிடைத்துவிட்டதே” என்று வீட்டார் தேற்றிக்கொள்ளவும் இது இடம் கொடுக்கிறது. திரும்பி வர விதி இருக்கிறது. திரும்பி வருவதற்கான சூழல் அமைவது அரிது. தவறி விழுந்தால் தாங்குவதற்காகக் கட்டிய வலையை யாரும் படுக்கையாக்கிக்கொள்ளலாகாது. பட்டம் பெற இன்னும் ஓராண்டே இருக்கும் பிள்ளையை நிறுத்துவதற்கு முன், கல்வி உதவித்தொகை, கட்டணச் சலுகை, கூடுதல் கடன் ஆகிய எல்லா வழிகளையும் பார்த்துவிட வேண்டும்.

கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போதே மூன்றாண்டா நான்காண்டா என்பதைக் கிளையில் தெளிவாகத் தெரிவியுங்கள். நான்காம் ஆண்டைப் பின்னர் முடிவு செய்வதாயின், மூன்றாம் ஆண்டு முடியுமுன் கிளையை அணுகுங்கள். படிப்பு இடையில் நிற்கும் நிலை வந்தாலும் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். தவணை தொடங்கும் நாள் அதைப் பொறுத்து மாறக்கூடும். படிக்கும் காலத்திலேயே மாதந்தோறும் வட்டியை மட்டுமாவது செலுத்த இயலுமானால், மேற்சொன்ன கணக்கில் வரும் வட்டிப் பாரம் சேராமலே போகும்.

பிள்ளையுடன் அமர்ந்து, “மூன்றாம் ஆண்டு முடிந்த மறுநாள் நீ என்ன செய்ய விரும்புகிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் தரும் விடையைக் கொண்டே படிப்பின் காலத்தையும் கடனின் அளவையும் முடிவு செய்யலாம்.