என் பிரசங்கமும் எங்கள் வீட்டுப் பெட்டியும்

சென்ற பொங்கல் விழாவில் அடியேன் நிகழ்த்திய சொற்பொழிவை நேயர்களிற் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். தொலைக்காட்சித் தொடர்களால் தமிழ்க் குடும்பங்களுக்கு விளையும் கேடு என்பது பொருள். மாமியார் மருமகளுக்கு நஞ்சு கலப்பதையும், உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் குழி பறிப்பதையும் நாள்தோறும் பார்த்து நம் இல்லங்கள் கெடுகின்றன என்று முழங்கினேன். கைதட்டல் பலமாகவே இருந்தது. ரயில்வேயில் பாஸ் பிரிவு எழுத்தனாகக் காலந்தள்ளும் ஒரு மெட்ரிகுலேட்டுக்கு அத்தகைய கைதட்டல் அடிக்கடி கிடைப்பதில்லை. இரண்டு நாட்கள் சற்று நிமிர்ந்தே நடந்தேன்.

அச்சொற்பொழிவில் ஒரு பொய் ஒளிந்திருந்தது. அதைச் சொல்லவே இம்மாதம் இப்பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

நானும் பார்க்கிறேன். பகல் உணவு வேளையில், பழைய பதிவேடுகள் அடைந்து கிடக்கும் இரண்டு பீரோக்களுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப்போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, முந்தைய இரவின் கதையைக் கைப்பேசியில் பார்த்துவிடுவேன். யாரேனும் வந்தால் ரயில் நேரம் பார்ப்பது போன்ற பாவனை. கன்னத்தில் ஓர் அறை விழ ஒரு வாரம் ஆகும், விழுந்தபின் அங்கே நிற்கும் ஒன்பது பேர் முகத்தையும் மும்மூன்று முறை காட்டுவார்கள், இடிமுழக்கம் வேறு. அபத்தம் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும், அறை வாங்கியவள் மறுநாள் என்ன சொன்னாள் என்று அறியாமல் ஒரு பாஸ் விண்ணப்பத்தையும் பிழையின்றிச் சரிபார்க்க என்னால் இயலாது.

இப்பழக்கம் நேற்று வந்ததன்று. 1987இல் தூர்தர்ஷனில் இராமாயணம் ஓடிய காலத்தைப் பற்றியும், ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களின் வரிசையில் தமிழ்ப் படத்துக்கு முறை வரும் நாளுக்காக நாக்பூரில் நம்மவர் காத்திருந்ததைப் பற்றியும் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் நினைவு 1999இன் இறுதியில் தொடங்குகிறது. அப்போதுதான் சன் தொலைக்காட்சியில் ராதிகா நடித்த 'சித்தி' ஆரம்பமாயிற்று. எங்கள் ரயில்வே குடியிருப்பில் ஒரே வீட்டில்தான் தமிழ் அலைவரிசை தெரிந்தது. இரவு ஒன்பதரைக்குள் மாவாட்டி, பாத்திரம் துலக்கி, ஏழெட்டுக் குடும்பங்கள் அங்கே கூடிவிடும். சிறுவனாகிய நான் ஜன்னலோரம் உறங்குவது போலப் படுத்து அரைக்கண்ணால் பார்ப்பேன். அன்றும் களவுதான்!

நிற்க. நான் பிரசங்கம் செய்த அன்று அம்மா மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தாள். அன்றிரவு அவள் பெட்டியைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. என் சொல்லுக்கு இத்துணை வலிமையா என்று மகிழ்ந்துபோனேன்.

அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. காய்கறிக்காரியிடம் பேரம் பேசும் அளவுக்கே இந்தி வந்தது. அப்பா காலமானார், அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டன. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் மாலைவரை அவளிடம் தமிழ் பேசுவது அப்பெட்டி ஒன்றே. அவளும் அதனோடு பேசுவாள். "அடி, அந்தக் கடிதாசைப் பிரிக்காதேடி!" என்று அடுக்களையிலிருந்தே எச்சரிப்பாள். 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்று 'மெட்டி ஒலி' மறுபடி வந்தபோது, கதை முழுதும் தெரிந்திருந்தும், ஐந்து பெண்களைப் பெற்ற அத்தகப்பனுக்காக மீண்டும் ஒருமுறை அழுதாள்.

அம்பாசமுத்திரத்தில் அம்மாவின் தங்கை இருக்கிறாள். என் சொந்தச் சித்தி. தொடர் முடிந்ததும் இருவரும் தொலைபேசியில் பேசுவது வழக்கம். ஆயிரம் மைலுக்கு இப்பாலும் அப்பாலும் இரு வீடுகளும் ஒரே நேரத்தில் ஒரே கதையைப் பார்த்திருக்கும். பேச்சு அதில் தொடங்கி, யார் வீட்டில் கல்யாணம், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் வயலை விற்றார் என்று அரைமணி ஓடும். பெட்டி மூடியபின், "சாப்பாடு ஆயிற்றா? உடம்பு எப்படி?" என்பதோடு இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. மாசி பிறப்பதற்குள் சித்தியே என்னை அழைத்து, "அக்காளுக்கு என்மேல் ஏதும் வருத்தமா, ஐயா?" என்று கேட்டாள். எனக்கு நா எழவில்லை.

அன்றிரவு உறக்கம் வராமல் அடுக்களையில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தேன். சிறிது நேரத்தில் பின்னால் ஒரு நிழல். தண்ணீர் குடிக்க வந்த அம்மா! பதற்றத்தில் இயர்போன் கழன்று, மாமியாரின் குரல் அடுக்களை எங்கும் கணீரென்று ஒலித்தது. அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு வளையல் கிடைத்துவிட்டதா, ஐயா?"

"கிடைத்தது, அம்மா. ஆனால் பழி மூத்த மருமகள்மேல் விழுந்துவிட்டது."

"நான் அப்போதே நினைத்தேன்" என்று பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். விட்டுப்போன கதை முழுவதையும் நான் சொல்ல, அவள் இடையிடையே திருத்தினாள்; பாராதவள் எப்படித் திருத்தினாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. மறுநாள் சித்தியின் தொலைபேசி நாற்பது நிமிஷம் நீடித்தது.

தொடர்களால் கேடே இல்லை என்று இப்போதும் சாதிக்கமாட்டேன். ஏழு வயதான என் மகள் பக்கத்து வீட்டு மராத்திப் பையனிடம், "உன் குடும்பத்தைப் பூண்டோடு அழிப்பேன்" என்று சபதம் செய்தது அப்பெட்டியின் உபயமே. அவனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

பொங்கல் சொற்பொழிவை இதழில் வெளியிட எழுதித் தருமாறு சங்கத்தார் இருமுறை கேட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை அனுப்பியிருக்கிறேன்.